பாட்டியின் ஸ்வெட்டருக்குள் 40 வாட்

மே மாதத்துச் சென்னையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத பாட்டிகள் இருக்கிறார்கள். பேரன் பனியனோடு ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருப்பான். “கண்ணு, ஃபேனை ரெண்டுல வையேன்” என்பார் பாட்டி. “இந்தப் புழுக்கத்துலயா பாட்டி?” என்பான் அவன். “வயசாயிட்டா அப்படித்தான்” என்று வீட்டில் யாராவது ஒருவர் பேச்சை முடித்துவைப்பார். மார்கழி பிறந்தால் ஸ்வெட்டரோடு மங்கி குல்லாவும் சால்வையும் இரண்டாவது போர்வையும் சேர்ந்துகொள்ளும். பேச்சு மட்டும் அதே இடத்தில்தான் முடியும்.

அது அங்கே முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டிக்கு அடிக்கும் குளிர் பிரமை அல்ல, பிடிவாதமும் அல்ல. கணக்குப் போட்டே அதைக் காட்டலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நம் உடல் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மூச்சு விடுவதும் ஒருவகை மெதுவான எரிதல்தான் என்பதை 1780-களில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் அளந்து காட்டினார்கள். பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினிப் பன்றி ஒன்றை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்தார்கள். அது மூச்சில் விட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு வாயு வரும்படி கரியை எரித்தால் கிடைக்கும் வெப்பமும், கினிப் பன்றி தந்த வெப்பமும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

அந்த நெருப்பின் அளவை இன்று எடை, உயரம், வயது மூன்றையும் வைத்தே மதிப்பிட முடியும். உணவியல் வல்லுநர்கள் பயன்படுத்தும் மிஃப்லின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 25 வயது, 70 கிலோ, 172 சென்டிமீட்டர் உயரமுள்ள பேரனின் உடல் ஓய்வில் தரும் வெப்பம் ஏறத்தாழ 80 வாட். 75 வயது, 45 கிலோ, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பாட்டிக்கு 40 வாட்டுக்குச் சற்றே மேல். ஒரே கூடத்தில் இருக்கும் இருவரில் ஒருவரின் அடுப்பு மற்றவருடையதில் பாதிதான்.

பாட்டி உருவத்திலும் சிறியவர்தானே, இழப்பும் குறையுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெப்பம் வெளியேறுவது தோலின் பரப்பு வழியாக. பேரனின் தோல் சுமார் 1.8 சதுர மீட்டர், பாட்டியுடையது 1.4-ஐ ஒட்டி. வகுத்துப் பார்த்தால் பேரனின் ஒவ்வொரு சதுர மீட்டர் தோலுக்கும் 44 வாட் கிடைக்கிறது, பாட்டிக்கு 30-தான். உருவத்தைக் கழித்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதற்குப் பெரிய காரணம் தசை. நடுவயதுக்குப் பிறகு தசை ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது, அறுபதைத் தாண்டினால் வேகமாகக் கரைகிறது. தசைதான் உடலுக்குள் இருக்கும் பெரிய கணப்பு. அது சும்மா இருக்கும்போதே சூடு தரும், வேலை செய்தால் பல மடங்கு தரும்.

வரவு குறைந்தால் செலவைச் சுருக்க வேண்டும். இளம் உடலுக்கு அது தெரியும். குளிர் பட்டதும் தோலுக்கு அடியில் ஓடும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடான இரத்தத்தை உடலின் நடுப்பகுதிக்குத் திருப்பிவிடும். அதுவும் போதாவிட்டால் நடுக்கம் வரும். நடுங்கும் தசைகளால் வெப்ப உற்பத்தியை நான்கைந்து மடங்குவரை உயர்த்த முடியும். வயதானவர்களிடம் இந்த இரண்டுமே தாமதமாகத் தொடங்குகின்றன, வலுவும் குறைவு. தோலுக்கு அடியிலிருக்கும் கொழுப்புப் படலமும் மெலிந்துவிடுகிறது. பிறந்த குழந்தைகளுக்கு நடுங்கத் தெரியாது. அவர்களுக்குத் தோள்பட்டைகளுக்கு இடையில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு எரிந்து சூடு தரும். வளர்ந்தவர்களுக்கும் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்பது 2009-இல் உறுதியானது. வயது ஏற ஏற அதுவும் அடங்கிப்போகிறது.

இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இன்னொரு விளைவும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் அதைக் குளிரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும்போது நீர் அதிகமாகிவிட்டது என்று கருதி சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றுகிறது. குளிர்ந்த இரவில் பாட்டி நாலு முறை எழுந்து பாத்ரூமுக்குப் போவதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு முறையும் போர்வைக்குள் சேர்த்த சூடு வீணாகிறது, வெறுங்கால் சில்லென்ற டைல்ஸில் படுகிறது, இருட்டில் விழும் ஆபத்தும் இருக்கிறது. இதற்குப் பயந்து அவர் சாயந்திரத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். குளிரில் இரத்த அழுத்தம் ஏறுவதும் இதே குழாய்கள் சுருங்குவதால்தான்.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பாட்டியின் சூடு சரியாகவே இருக்கிறது, பிறகு எங்கே குளிர் என்று கேட்பவர்களுக்குப் பதில் தோலில் இருக்கிறது. தோலின் நரம்பு நுனிகளில் குளிரை அறியும் புரதம் ஒன்று உண்டு. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2002-இல் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை விளக்கியதற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டி.ஆர்.பி.எம்.8 என்ற அந்தப் புரதத்தை மென்தாலும் தட்டி எழுப்பும். தலைவலித் தைலம் தடவிய நெற்றி உண்மையில் குளிர்ந்துவிடுவதில்லை, ஆனாலும் சில்லென்று உணர்கிறது. மூளை குளிரை எடைபோடும்போது உடலின் உட்சூட்டுக்கும் தோலின் சூட்டுக்கும் ஏறக்குறையச் சமமான இடம் கொடுக்கிறது. உள்ளே 37 டிகிரி இருந்தாலும், கையும் காலும் 25 டிகிரியில் இருந்தால் அவருக்குக் குளிரத்தான் செய்யும். தெர்மாமீட்டர் சொல்வதும் உண்மை, பாட்டி சொல்வதும் உண்மை.

இவ்வளவும் இயல்பான முதுமை. ஆனால் “வயசாயிட்டா அப்படித்தான்” என்ற பேச்சுக்குப் பின்னால் நோய்களும் ஒளிந்துகொள்ளும். இதில் எனக்கு மனதை விட்டு நீங்காத ஒரு கதை உண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-இல், நடுவயதுப் பெண்களிடம் தாம் கண்ட ஒரு விசித்திர நிலையைப் பதிவு செய்தார். முகம் ஊதி, தோல் வறண்டு, பேச்சும் சிந்தனையும் மந்தமாகிப்போகும். அத்தகையவர்களுக்கு எப்போதும் குளிரும். தைராய்டு சுரப்பி செயலற்றுப்போவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, இந்த நோயிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. பிறகு அதே சாற்றை வாய்வழியாகவே கொடுத்தார்கள். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, தம் 74-ஆம் வயதில் இறந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மர்ரே கணக்கு எழுதியிருக்கிறார். இன்று அதே வேலையைக் காலையில் வெறும் வயிற்றில் போடும் ஒரு சின்ன மாத்திரை செய்கிறது. அந்த வசதி இருக்கும்போது, ஒரு இரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஒருவரைக் குளிரில் விட்டுவைப்பது அநியாயம் என்றே சொல்வேன்.

தைராய்டைத் தவிர இரத்தசோகையையும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்த உடலால் சூட்டைக் காத்துக்கொள்ள முடிவதில்லை. சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பழுதாகும். கால் இரத்தக் குழாய்கள் அடைபட்டால் ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சில்லிட்டிருக்கும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் கை கால்களைக் குளிரச் செய்யலாம். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது, இதயத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். பல வருடங்களாக இருக்கும் குளிரைவிட, இந்த வாரம் புதிதாகத் தொடங்கிய குளிரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கிருமித்தொற்று வந்தாலும் முதியவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே போகலாம்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. பிளாஸ்க் எப்படிக் காபியைச் சூடாக்குவதில்லையோ, உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பதோடு சரியோ, அப்படித்தான் கம்பளியும். குளிர்ந்துவிட்ட பாட்டியைக் கனத்த போர்வைக்குள் படுக்கவைத்தால், தம் 40 வாட்டில் அந்தப் போர்வையைச் சூடாக்கவே அவருக்கு வெகுநேரம் ஆகும். ஆகவே குளிர ஆரம்பிக்கும் முன்பே போர்த்த வேண்டும். சூரியன் இறங்கும்போதே சால்வை தோளில் இருக்கட்டும்.

சூட்டைக் காப்பது துணியின் இழை அல்ல, இழைகளுக்குள் அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. அசையாத காற்றைப் போல வெப்பத்தைத் தடுக்கும் எளிய பொருள் வேறில்லை. தண்ணீர் அதைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய துணிகள் இரண்டு மூன்று அடுக்காக இருப்பது நல்லது. அடுக்குகளுக்கு நடுவிலும் காற்று தங்கும். உடையின் காப்புத்திறனை அளக்க ‘க்ளோ’ என்ற அலகை 1941-இல் உருவாக்கினார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமல் இருக்கத் தேவையான உடை ஒரு க்ளோ. சூடேற்றிய பொம்மைக்குச் சேலை கட்டி இதை அளந்து பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் அதே சேலையின் காப்பு கணிசமாகக் கூடுகிறது. பாட்டிகள் தாமாகச் செய்வது அதைத்தான். ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவில் திறந்திருக்கும் இடுப்பும் முதுகும்தான் அதில் ஓட்டை. உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டால் அது அடைபடும். தோள் மூட்டு இறுகிப்போனவர்களுக்குத் தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரை வாங்காதீர்கள். கழற்றி மாட்டச் சிரமப்பட்டே அதைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். முன்பக்கம் பட்டன் வைத்தது வேண்டும்.

ஃபேனை ஏன் குறைக்கச் சொல்கிறார் என்பதும் இங்கே விளங்கும். தோலை ஒட்டி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் எப்போதும் நிற்கிறது. ஃபேன் அதை ஓயாமல் துடைத்து எடுக்கிறது. நிதானமான ஃபேன் காற்றிலேயே தோலிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் இரண்டு மடங்காகிவிடும். பேரனுக்கு வேண்டியது அதுதான், பாட்டிக்கு வேண்டாதது அதுதான். ஃபேனை நிறுத்துவதா வேண்டாமா என்று சண்டை போடுவதைவிடக் கட்டிலை நகர்த்துவது சுலபம். பாட்டியின் கட்டில் ஃபேனின் நேர் கீழேயும் ஏசி காற்று விழும் திசையிலும் இல்லாமல், உட்புறச் சுவரை ஒட்டி இருக்கட்டும். வெளிச்சுவர் மார்கழியில் குளிர்ந்திருக்கும்; தொடாமலே அது கதிர்வீச்சாக உடலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். குளிர் நாட்டு வீடுகளில் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும், முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் கோடை இரவில் ஏசியை அதே 18-இல் வைத்துவிட்டு, பாட்டியையும் அந்த அறையிலேயே படுக்கவைக்கிறோம்.

குளியல் இன்னொரு பெரிய செலவு. மார்கழி விடியலில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோலம் போட்டுப் பழகியவர்கள் இவர்கள். கூந்தலில் 50 மில்லி தண்ணீர் மிச்சமிருந்தால், அது முழுதும் ஆவியாக ஏறத்தாழ 120 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பாட்டியின் உடல் முக்கால் மணி நேரத்தில் தரும் மொத்தச் சூடு அது. எல்லாம் தலையிலிருந்தே போகாது, பாதிக்கு மேல் காற்று கொடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் இழப்பு பெரியதுதான். வெயில் ஏறிப் பத்து மணிக்குக் குளிக்கச் சொல்லலாம். கூந்தலை உடனே உலர்த்திவிட வேண்டும். சாம்பிராணி போட்டு முடி உலர்த்திய வழக்கத்தில் இந்த அக்கறையும் இருந்தது. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்குப் புகை ஆகாது.

வெயிலைவிட மலிவான ஹீட்டர் கிடையாது. காலை வெயிலில் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் 100 வாட்டுக்கு மேல் உடலில் சேரும். பாட்டியின் சொந்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உட்கார்ந்திருப்பதோடு நின்றுவிடாமல் மெதுவாக நாலு நடை நடந்தாலும் உடலின் சூடு இரண்டு மடங்காகும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வதைப் பத்து முறை செய்தால் அந்த நேரத்துச் சூடும் கிடைக்கும், தொடைத் தசையும் கரையாமல் நிற்கும். அந்தத் தசைக்குப் புரதம் வேண்டும். இரவில் ரெண்டு இட்லியும் சர்க்கரையும் என்று சாப்பிட்டுப் படுப்பவர்களுக்கு ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, வேகவைத்த சுண்டல் என ஏதாவது சேர்ப்பது நல்லது. புரதத்தைச் செரிக்கும்போது அதன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சூடாகவே வெளிப்படுகிறது. மற்ற சத்துகளில் இவ்வளவு வராது.

சூடான காபி? 150 மில்லி காபி 60 டிகிரியிலிருந்து உடல் சூட்டுக்கு இறங்கும்போது தரும் வெப்பத்தால் பாட்டியின் உடல் பத்தில் ஒரு டிகிரிகூட ஏறாது. ஆனாலும் அது வீண் அல்ல. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் உணர்விகளுக்கும், டம்ளரைப் பிடித்திருக்கும் உள்ளங்கைகளுக்கும் அது கதகதப்பைத் தருகிறது. மிளகு ரசம் இன்னும் சாமர்த்தியமாக வேலை செய்கிறது. மிளகில் இருக்கும் பைப்பரின், சூட்டை உணரும் நரம்பு நுனிகளையே தூண்டிவிடுகிறது. குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி என்பதை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடும். முகம் சூடானதுபோல் இருக்கும், உள்சூடோ வெளியேறிக்கொண்டிருக்கும்.

படுக்கும்போது கவனிக்க வேண்டியது கால். பாதங்கள் கதகதப்பாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பதை பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினார்கள். பாதத் தோலின் குழாய்கள் விரிந்து உள்சூடு மெல்ல இறங்குவதுதான் தூக்கத்துக்கான அழைப்பு. படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, ஈரம் போகத் துடைத்து, சாக்ஸ் போட்டுவிடலாம். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த சாக்ஸாக இருக்கட்டும். சாதா சாக்ஸ் டைல்ஸில் வழுக்கும். இடுப்பெலும்பு முறிவு எந்தக் குளிரையும்விடக் கொடியது.

வெந்நீர்ப் பையில் ஒரு லிட்டர் நீர், 60 டிகிரியிலிருந்து உடல் சூட்டுக்கு ஆறும்வரை, பாட்டியின் உடல் 40 நிமிடத்தில் தரும் வெப்பத்தைத் தரும். நல்ல உதவிதான், ஆனால் படுக்கும் முன் மெத்தையைச் சூடாக்க மட்டும். தூங்கும்போது எடுத்துவிட வேண்டும். 60 டிகிரி நீர் தோலைச் சுட ஐந்து நொடி போதும். தொட்டால் இதமாகவே தோன்றும் 44 டிகிரியும் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் புண்ணாக்கிவிடும். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் அந்தச் சூட்டை உணராது. காஷ்மீரில் ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் கங்ரி என்ற கணப்புச் சட்டியால், ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் கண்டார்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களின் செய்தியும் அவ்வப்போது வருகிறது. கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும்.

இதுவரை குளிருகிறது என்று சொல்லும் பாட்டியைப் பற்றியே பேசினோம். எனக்கு அதிகக் கவலை, சொல்லாத தாத்தாவைப் பற்றி. வயதானால் குளிர்ச்சியின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியும் திறனும் மழுங்குகிறது. அறை இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலும் சிலருக்குத் தெரிவதே இல்லை. ஏசி அறையில் வெற்று மேலோடு தூங்கிவிட்டு, “எனக்கென்ன குளிர்” என்பார். அவர் உடலும் அதே 40, 50 வாட் உடல்தான். எச்சரிக்கை மணி மட்டும் ஒலிப்பதில்லை. உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். நாம் காலங்காலமாக வைத்திருந்த பாதரசத் தெர்மாமீட்டரில் கோடுகளே 35-இல்தான் தொடங்கும். காய்ச்சலைப் பார்க்கச் செய்த கருவி அது, கீழே இறங்கியதை அது சொல்லாது. எனவே கையை நம்ப வேண்டும். அவர் கையையோ காலையோ அல்ல, உடைக்குள் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறும் சில்லிட்டிருந்து, பேச்சு குழறி, ஆள் மந்தமாக, குளிரான அறையிலும் நடுக்கமே இல்லாமல் இருந்தால் ஈரத் துணியை மாற்றி, மார்பையும் வயிற்றையும் தலையையும் உலர்ந்த போர்வையால் சுற்றுங்கள். கை கால்களைத் தேய்க்கவோ சூட்டு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் கை கால்களில் இருக்கும் குளிர்ந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். அவரை நடக்கவிடாமல் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.